மாநிலங்களவையில் பட்ஜெட்டை மடக்கிக் கேட்டால் காரைக்குடிக்கு என்ன வரும்?

பேரேடு
ப.சிதம்பரம் 2025 பிப்ரவரியில் மாநிலங்களவையில் பட்ஜெட் மீது பேசியதை நேற்று யாரோ இந்தக் குழுவில் மறுபடி சுற்றவிட்டார்கள். வந்த பதில்களில் பாதி “நம்ம கண்டனூர்க்காரர் வெளுத்து வாங்கிட்டார்”. மீதிப் பாதி “இவர் மந்திரியா இருந்தப்ப என்னத்தக் கிழிச்சார்”. கணக்கைத் திறந்து பார்த்தவர் ஒருத்தரையும் காணோம். ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) போட்டுப் பழகிய ஊரில் இது கொஞ்சம் வெட்கக்கேடு.

சிதம்பரம் பிடித்த பிடி எளிமையானது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் பத்திகள் இருக்கும். வருஷ ஆரம்பத்தில் சொன்ன மதிப்பீடு, வருஷக் கடைசியில் சொல்லும் திருத்திய மதிப்பீடு, அப்புறம் உண்மையாகச் செலவானது. தொலைக்காட்சிக்காரர்கள் முதல் பத்தியை மட்டும் வாசிப்பார்கள். சண்டை போட வேண்டிய இடம் மற்ற இரண்டும்.

2024-25க்கு மத்திய அரசு செலவழிப்பேன் என்று சொன்னது 48.21 லட்சம் கோடி. திருத்திய மதிப்பீடு 47.16 லட்சம் கோடி. ஒரு லட்சத்து நாலாயிரம் கோடி காணாமல் போயிருக்கிறது. அதில் பெரும்பங்கு மூலதனச் செலவு, அதாவது சாலை, ரயில் போல நிலைத்து நிற்பவற்றுக்கான செலவு: 11.11 லட்சம் கோடி என்று சொன்னது 10.18 லட்சம் கோடியில் நின்றது. நிதிப் பற்றாக்குறை (கடன் வாங்கி அடைக்கும் பள்ளம்) நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது சாதனை என்று ஆளும் தரப்பு சொல்கிறது. வரி வரவு கூடியா குறைந்தது? அதுவும் சொன்னதைவிடச் சற்றுக் குறைவுதான். செலவைக் கட்டியதால் குறைந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றாமல் விட்டுவிட்டுக் கையில் பணம் மிச்சம் என்று சொல்வதற்கு இது ரொம்பத் தூரமில்லை.

இதைச் சபையில் கேட்பதுதான் எதிர்க்கட்சிக்காரர் வேலை. கேட்டவர் யார் என்பதை வைத்துச் சண்டை போடாமல், கேட்டது சரியா என்று பேசலாமா?

நேமத்தான்
பேசலாம் அண்ணே, தாராளமாப் பேசலாம். ஆனா கேட்டவர் யாருன்னும் பார்க்கணும், ஏன்னா அவர் பழைய பேரேட்டையும் திறக்கணும்ல?

2012-13. அந்த வருஷம் வெட்டுனப்ப நிதியமைச்சர் யாரு? இதே சிதம்பரம்தான். அந்த வருஷத்துத் திட்டச் செலவு (ஐந்தாண்டுத் திட்டத்துக்கான செலவு) 5.21 லட்சம் கோடின்னு பட்ஜெட்டுல போட்டாங்க. திருத்திய மதிப்பீட்டுல 4.29 லட்சம் கோடி. வெட்டு ஏறக்குறைய 92 ஆயிரம் கோடி. நீங்க இப்ப சொல்ற மூலதனச் செலவு வெட்டும் ஏறக்குறைய 93 ஆயிரம் கோடி! அப்ப மொத்த பட்ஜெட்டே கிட்டத்தட்ட 15 லட்சம் கோடிதான், அதனால அந்த வெட்டு இதைவிட ஏறக்குறைய மூணு மடங்கு ஆழம். பற்றாக்குறையை ஒரு கோட்டுக்குள்ள வைக்கணும்னு அவர் அன்னைக்குச் செஞ்சது நிதி ஒழுக்கம், இவங்க செஞ்சா ஏமாத்து. இது என்ன நியாயம்?

தேன்குழல்
அடி! 🔥

பேரேடு
நேமத்தான் சொன்ன எண்கள் சரி. அந்த வெட்டை அன்றைக்கு எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் சபையில் கேட்டார்கள், கேட்டதும் சரிதான். இன்றைக்கு வரிசை மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: சொன்னதை ஏன் செலவழிக்கவில்லை? சொல்லப்போனால், வெட்டுவது எப்படி என்று கைவசம் தெரிந்த ஆள்தான் வெட்டைக் கண்டுபிடிப்பார். எதிர்க்கட்சி வரிசையில் ஒரு முன்னாள் நிதியமைச்சர் உட்கார்ந்திருப்பதால் வரும் லாபமே அதுதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2012-13ல் பற்றாக்குறை 5 சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, தரமதிப்பீட்டு நிறுவனங்கள் மிரட்டிக்கொண்டிருந்தன. அது கழுத்துக்குக் கத்தி வந்த நேரம். 2024-25ல் அப்படி எதுவும் இல்லை. இதை நியாயமாகவும் எடுத்துக்கொள்ளலாம், சாக்காகவும் எடுத்துக்கொள்ளலாம்.

கண்டாங்கி
நான் தேவகோட்டை. பேங்க்ல வேலை. எல்லாரும் செலவுப் பக்கத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க, வரவுப் பக்கம் வாங்க.

2025-26 பட்ஜெட்ல தனிநபர் வருமான வரி 14.38 லட்சம் கோடி. கம்பெனி வரி 10.82 லட்சம் கோடி. ஒரு காலத்துல கம்பெனி வரிதான் பெருசா இருந்துச்சு. 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனி வரியை 30ல இருந்து 22 சதவீதமாக் குறைச்சாங்க, புது உற்பத்திக் கம்பெனிக்கு 15. வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி இழப்புன்னு அரசே சொல்லிச்சு. முதலீடு கொட்டும்னாங்க. கொட்டுச்சா இல்லையான்னு பொருளாதாரம் படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. அதே சமயம் தனி ஆளுங்க கட்டுற வரி கம்பெனி வரியைத் தாண்டிப் போயிருச்சு.

12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னதுல எனக்கே லாபம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதுல அரசு விட்டுக்கொடுத்தது சுமார் ஒரு லட்சம் கோடி. ஆனா எங்க கவுன்ட்டருக்கு நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வர்ற ஆத்தாமார்ல ஒருத்தருக்காவது அதுல ஒரு ரூபா வந்திருக்குமா? அவங்க வருமான வரியே கட்டுனதில்ல. சோப்புலயும் பிஸ்கட்லயும் கட்டுறாங்க.

ஆத்தங்குடி கல்
அக்கா சொன்னதுல நான் ஒண்ணு சேத்துக்கிறேன். நாங்க வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில ஆத்தங்குடித் தரைக் கல்லு போடுறோம். நானு, மச்சான், கூட ரெண்டு பேரு. கண்ணாடியை வச்சு, இரும்புச் சட்டத்தை வச்சு, அச்சுல கலர் சிமெண்டை ஊத்தி, அச்சை உருவி, மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவையைப் போட்டு மட்டம் பண்ணணும். மறுநாள் தண்ணித் தொட்டி. அப்புறம் வெயில்ல கண்ணாடி தானாக் கழண்டு வரும்.

எங்க யாவாரம் 40 லட்சத்துக்குள்ள. அதனால ஜி.எஸ்.டி. பதிவு இல்ல. ஊருக்குள்ள “உங்களுக்கென்னப்பா, வரியே இல்ல”ம்பாங்க. சிமெண்டு மூட்டைக்கு 28 பர்சன்ட் கட்டிக்கிட்டுத்தான இருந்தோம்? பெரிய டைல்ஸ் கம்பெனிக்காரன் சிமெண்டுல கட்டுன வரியைக் கழிச்சுக்கிறான். பதிவு இல்லாத நாங்க யாருகிட்டக் கழிக்கிறது? அது கல்லு விலையில ஏறும், இல்லாட்டி எங்க கூலியில இறங்கும். பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

2025 செப்டம்பர் 22ல சிமெண்டு 18 ஆச்சு. மூட்டைக்கு 25, 30 குறைஞ்சுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா எட்டு வருஷம் 28ல வச்சிருந்தது யாரு? கட்டடம் கட்டுறதுக்கான சாமானை, சொகுசுக் காரோட ஒரே வரிசையில வச்சிருந்தாங்க.

நேமத்தான்
குறைச்சாங்கள்ல? எதிர்க்கட்சி கத்துனதுனாலயா குறைச்சாங்க?

கண்டாங்கி
28 வேணாம், இத்தனை அடுக்கு வேணாம்னு 2017 ஜூலையில இருந்து சபையில திரும்பத் திரும்பச் சொன்னது அவங்கதான அண்ணே. அதுனால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். ஜி.எஸ்.டி. கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, அதுல மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூணுல ரெண்டு பங்கு. முடிவெடுக்க நாலுல மூணு பங்கு வேணும். அதாவது மத்திய அரசு வேணாம்னு சொன்னா எதுவும் நகராது. அப்ப வேணும்னு எப்ப ஆச்சு? எட்டு வருஷம் கழிச்சு.

வேலங்குடி வாத்தியார்
பிள்ளைகளே, நடுவில் வருகிறேன். இந்த மாகாணத்துக்கும் விற்பனை வரிக்கும் உறவு பழையது. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1939ல், ராஜாஜி பிரதமராக இருந்தபோது (அன்று மாகாண முதல்வருக்குப் பிரதமர் என்று பெயர்). 1937ல் சேலத்தில் மதுவிலக்கு ஆரம்பித்தார். கள், சாராய வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தை அடைக்க விற்பனை வரி. இன்று மதுக்கடையும் இருக்கிறது, விற்பனை வரியின் பேரப்பிள்ளையும் இருக்கிறது.

இன்னொன்று. கல்யாண வீடுகளில் “சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் நம்ம செட்டியார்” என்று ஒரு பெருமை ஓடும். ஆர்.கே.சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்ல. 1947 நவம்பர் 26ல் அவர் போட்ட முதல் பட்ஜெட்டில் வரவு 171 கோடி சொச்சம், செலவு 197 கோடி சொச்சம். இன்று ஒரு மாநகராட்சிக்கே காணாத தொகை. கானாடுகாத்தானில் பிறந்த சிதம்பரம் அந்த நாற்காலிக்கு வந்தது 1996ல். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வருமான வரியை 10, 20, 30 என்று மூன்று படியாக ஆக்கினார். கனவு பட்ஜெட் என்றார்கள்.

சிங்கப்பூர் சித்தப்பா
இங்க 1994ல 3 சதவீதத்துல ஆரம்பிச்ச ஜி.எஸ்.டி. 2024ல 9 ஆச்சு. ஒரே விகிதம். ஆனா வருமானம் குறைஞ்சவங்களுக்கு அரசே ரொக்கமாத் திருப்பிக் கொடுக்குது. வாங்குறது எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி, திருப்புறது ஆளுக்குத் தக்க.

பேரேடு
சித்தப்பா சொன்னது நம் ஊரில் எப்போதோ இருந்ததுதான். கோயில் திருப்பணி என்றால் புள்ளி வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ரங்கூனில் ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தவரும் ஒரு புள்ளி, அவர் கடையில் கணக்கெழுதிய அடுத்தாளும் ஒரு புள்ளி. தலைக்கு ஒரே தொகை. ஆனால் புள்ளி வரியை மட்டும் வைத்துக் கோயில் கட்டிவிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஆஸ்திக்குத் தக்க வரி என்று இன்னொன்று இருந்தது, யாவாரத்தில் மகமை என்று வேறு எடுத்துவைப்பார்கள். இந்த மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் நகர விடுதியில் சண்டை.

டெல்லியிலும் சண்டை அதேதான். ஜி.எஸ்.டி. புள்ளி வரி. வருமான வரியும் கம்பெனி வரியும் ஆஸ்திக்குத் தக்கது மாதிரி. நேரடியாகச் சொத்துக்கே போட்ட வரி ஒன்று 1957ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்தார், 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். செத்தவர் சொத்துக்குப் போட்ட வரி அதற்கும் முன்னாலேயே, 1985ல் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர் எழுந்து “யாரிடம் வாங்குகிறாய், யாருக்கு விடுகிறாய்” என்று கேட்பது இந்தக் கலவையைத்தான்.

தேன்குழல்
அந்தச் சொத்து வரியை எடுக்காம விட்டிருந்தா பாதி செட்டிநாட்டு வீட்டை இன்னும் சீக்கிரம் இடிச்சுத் தேக்கு வித்திருப்பாங்க 😄

வேலங்குடி வாத்தியார்
வரி இருந்தபோதும் விற்றார்கள், எடுத்த பிறகும் விற்கிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைத்தெருவில் போய்ப் பாருங்கள்.

நேமத்தான்
சரி, செஸ்ஸுக்கு வாங்க, அதான் வரிக்கு மேல போடுற கூடுதல் வரி. இப்ப எதிர்க்கட்சி எல்லாம் “செஸ், சர்சார்ஜ் போட்டு மாநிலத்தை ஏமாத்துறாங்க”ன்னு பாட்டுப் பாடுது. கல்விக்குன்னு 2 சதவீத செஸ் 2004ல கொண்டுவந்தது யாரு? 2007ல உயர்கல்விக்குன்னு இன்னும் 1 சேத்தது யாரு? பேங்க்ல காசு எடுத்தா வரின்னு 2005ல போட்டது யாரு? பேரை நான் சொல்லணுமா?

கண்டாங்கி
சொல்ல வேணாம், எல்லாருக்கும் தெரியும். பேங்க்ல காசு எடுக்குற வரியை 2009ல எடுத்துட்டாங்க. கல்வி செஸ் விதை அவர் போட்டதுதான். மரம் எவ்வளவு வளந்திருக்குன்னு பாப்போம்.

மத்திய வரியைப் பங்கு பிரிக்கிற பதினஞ்சாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம்னு சொல்லிச்சு. 2025-26ல மத்திய அரசோட மொத்த வரி வசூல் மதிப்பீடு 42.70 லட்சம் கோடி. மாநிலங்களுக்குப் போறது 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்க, 33 சதவீதம் சொச்சம். மீதி எட்டுக்குக் கிட்ட எங்க போச்சு? செஸ்ஸும் சர்சார்ஜும் பங்கு போடுற பானைக்குள்ளயே வராது, அரசியல் சட்டம் 270ஆவது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு. வசூல் பண்ற செலவையும் கழிச்சுத்தான் பங்கு. அந்த 14.22ல தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், அதாவது 58 ஆயிரம் கோடி.

பெட்ரோல் இன்னும் பச்சை. 2025 ஏப்ரல்ல ரெண்டு ரூபா ஏத்துனதுக்கு அப்புறம் லிட்டருக்கு மத்திய வரி 21 ரூபா 90 காசு ஆச்சு. அதுல மாநிலத்தோட பங்கு போட வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபா 40 காசு. மீதி 20 ரூபா 50 காசும் சிறப்பு வரி, விவசாய செஸ், சாலை செஸ்னு வேற வேற பேர்ல டெல்லிக்கே.

ஆத்தங்குடி கல்
1.40-ஆ?! நெசமாவா

நேமத்தான்
நெசம்தான். ஆனா நம்ம மாநில அரசு பெட்ரோல்ல 13 சதவீதமும் அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசும் வாங்குதே, அதையும் சொல்லுங்க. டெல்லியில எதிர்க்கட்சியா இருந்தவங்க 2025ல சென்னையில ஆளுங்கட்சி, கூட்டணிக் கட்சின்னு உக்காந்துக்கிட்டு அதையேதான் செஞ்சாங்க.

கண்டாங்கி
சொல்றேன். அதுவும் புள்ளி வரிதான். பைக்ல பால் ஊத்தப் போறவரும் கட்டுறார், பென்ஸ் கார்க்காரரும் கட்டுறார்.

பள்ளத்தூர் பஸ்
இத்தனையும் பேசி என்ன பிரயோசனம்? மாநிலங்களவைக்குத்தான் பண மசோதால அதிகாரமே கிடையாதே. 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும். திருத்தம் சொன்னாலும் மக்களவை தூக்கிக் குப்பையில போடலாம். கோரம் (சபை நடக்க வேண்டிய குறைஞ்சபட்ச வருகை) சரிவர இருக்காது, பேசுறவருக்கு எதுத்தாப்புல பாதி நாற்காலி காலி. வக்கீல் இங்கிலீஷ்ல நாப்பது நிமிஷம் பேசுறார், மந்திரி மறுநாள் பதில் சொல்றார், மணி அடிச்சாச்சு, சாப்பாடு.

வேலங்குடி வாத்தியார்
மக்களவையில் மட்டும் என்ன வாழ்ந்தது தம்பி? அங்கே வெட்டுத் தீர்மானம் என்று ஒரு ஆயுதம் இருக்கிறது. ஒரு துறையின் மானியத்தை 1 ரூபாயாகக் குறை என்று கேட்டால் அந்தத் துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். 100 ரூபாய் குறை என்றால் ஒரு குறிப்பிட்ட குறையைப் பதிவு செய்வது. இன்ன தொகையைக் குறை என்று சிக்கனத்துக்காகக் கேட்பதும் உண்டு. ஒன்று நிறைவேறினாலும் அரசுக்குத் தோல்வி. நம் சிவகங்கை உறுப்பினரும் கொடுக்கலாம், யாரும் கொடுக்கலாம். ஆனால் கடைசி நாள் ‘கில்லட்டின்’ விழும். விவாதிக்காத மானியங்களை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். 2018 மார்ச் 14ல் அந்த வருஷத்து மொத்தச் செலவும் நிதி மசோதாவும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 2023லும் விவாதமில்லாமல் போயிற்று. கூச்சலும் ஒத்திவைப்புமாக நாளைக் கழித்ததில் எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பேச வேண்டிய நாளில் மையப்பகுதியில் நின்று கோஷம் போட்டால் கணக்கு யார் கேட்பது?

எனக்குப் பிடித்தவர் இரா.செழியன். தி.மு.க.காரர். 1971 முதல் 73 வரை, அரசுச் செலவைச் சரிபார்க்கும் பொதுக்கணக்குக் குழுவின் தலைவர். எதிர்க்கட்சிக்காரர் அந்தக் குழுவுக்குத் தலைவராக இருக்கும் வழக்கம் 1967ல் மினு மசானியோடுதான் வந்தது. செழியன் சபையில் குரலை உயர்த்த மாட்டார் என்பார்கள். தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பக்க எண் சொல்லிக் கேட்பாராம்.

பேரேடு
பஸ் அண்ணன் கேட்டதற்கு என் பதில்: மாநிலங்களவையில் ஓட்டுக்குப் பலம் இல்லை என்பதால்தான் அங்கே பேச்சுக்குப் பலம். தோற்கடிக்க முடியாது என்று தெரிந்தவர் புள்ளிவிவரத்தோடுதான் வரவேண்டும். மந்திரி பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அச்சில் ஏறும். ‘ஏன் 92 ஆயிரத்துச் சொச்சம் கோடி மூலதனச் செலவு குறைந்தது’ என்ற கேள்விக்கு ‘தேர்தல் வருஷம், மாநிலங்கள் எடுத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரு விளக்கம் சொல்வார்கள் என்று வையுங்கள். அடுத்த வருஷம் தேர்தல் இருக்காதே. அப்போது அந்த விளக்கத்தைத் தூக்கி அவர்கள் முன்னாலேயே வைக்கலாம்.

பள்ளத்தூர் பஸ்
அது வக்கீல் கணக்கு. காரைக்குடிக்கு என்ன வந்துச்சுன்னுதான் தலைப்புலயே போட்டிருக்கீங்க, அதைச் சொல்லுங்க.

பேரேடு
வருகிறேன். ஒரு எம்.பி.யின் தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, ஆலங்குடி, திருமயம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு அதைப் பிரித்தால் நிழற்குடையும் சமுதாயக் கூடமும்தான். உண்மையான பணம் மத்திய பட்ஜெட்டில் இருக்கிறது, 2025-26ல் அது 50.65 லட்சம் கோடி. மத்திய அரசுப் பணம் நமக்கு வந்ததற்கு இரண்டு உதாரணம் போதும்.

சிக்ரி, காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வந்தது எப்படி? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தானாகக் கொடுத்தார். ஊர்க்காரர் பணத்தைக் காட்டி மத்திய அரசின் பணத்தை இழுத்தார். 1953ல் திறந்தார்கள்.

இன்னொன்று, காரைக்குடி - திருவாரூர் ரயில். பழைய மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டு 2019ல் முழுசாக ஓடியது. மூலதனச் செலவு, நல்ல விஷயம். ஆனால் கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. என்ன செய்தார்கள்? கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும், ஒருத்தர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார், வண்டி கடந்து போய் நிற்கும், பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். மூன்று மணி நேரத்தில் போகவேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒரு பகலைத் தின்றது.

அதனால்தான் ‘மூலதனச் செலவு 11 லட்சம் கோடி’ என்று இவர்கள் மார்தட்டுவதும், ‘அதில் இவ்வளவு குறைத்துவிட்டாய்’ என்று அவர்கள் அடிப்பதும் எனக்குப் பாதிதான் ஏறுகிறது. தண்டவாளம் மூலதனம். கேட் கீப்பர் சம்பளம் வருவாய்ச் செலவு. வருவாய்ச் செலவு என்றாலே வீண் செலவு என்று இருபது வருஷமாக ரெண்டு பக்கமும் பேசிப் பேசி, ஆள் போடுவதே கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. ஆசிரியர், நர்ஸ், லைன்மேன் எல்லாரும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறார்கள்.

பள்ளத்தூர் பஸ்
அந்த ரயில்ல நான் போயிருக்கேன். அறந்தாங்கி தாண்டுறதுக்குள்ள கட்டுச்சோறு தீந்துபோச்சு. கேட் கீப்பர் ஓடிவந்து ஏறுறப்ப பெட்டியில இருந்த எல்லாரும் கை தட்டுனோம்.

நேமத்தான்
ரயில் போட்டது யாரு ஆட்சியில, அதையும் சொல்லிட்டுக் கை தட்டுங்க.

கண்டாங்கி
ஒப்புதல் ஒரு ஆட்சி, முடிச்சது ஒரு ஆட்சி, ஆள் போடாதது எல்லா ஆட்சியும். விடுங்க அண்ணே.

நான் ஒண்ணு கேக்கணும். செலவு செலவுன்னு பேசுறோம், அதுல ரொம்பப் பெருசு எதுன்னு யாரும் வாயைத் திறக்கலையே? வட்டி. 2025-26ல வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவுல நாலுல ஒரு பங்கு. மாநிலப் பங்கு போக மத்திய அரசு கையில நிக்கிற வரி 28.37 லட்சம் கோடி, அதுல 45 சதவீதம் வட்டிக்கே. கொடுக்கல் வாங்கல்லயே வளந்த ஊரு, நாமளே இதைப் பேசலைன்னா யாரு பேசுவா?

தேன்குழல்
அசலை விட்டுட்டு வட்டிக்குக் கடன் வாங்குறவனுக்கு எங்க ஐயா கடையில அடுத்த தவணை கிடையாது

நேமத்தான்
இப்பதான் சரியான இடத்துக்கு வந்தீங்க. 2013-14 பட்ஜெட், அவர் போட்டது. 16.65 லட்சம் கோடிச் செலவுல வட்டி 3.71 லட்சம் கோடி. 22 சதவீதம். ரெண்டு பேரும் ஒரே பாதைதான்.

கண்டாங்கி
ஒரே பாதைதான், 22 போய் 25 ஆயிருச்சு. கோவிட் நடுவுல வந்துச்சுன்னு அரசு சொல்லலாம், ஓரளவு நியாயம்தான். ஆனா சபையில இந்த 25-ஐப் பிடிச்சு ஒரு மணி நேரம் யாராவது கேட்டு நான் பார்த்ததில்ல. ஆளுங்கட்சி பேசாது, தெரிஞ்சதுதான். எதிர்க்கட்சி ஏன் பேசலன்னா, நாளைக்கு வந்தா அவங்களும் வாங்கணும்.

ஆத்தங்குடி கல்
அந்த வட்டியெல்லாம் யாருக்குப் போகுது அக்கா? வெளிநாட்டுக்காரனுக்கா?

கண்டாங்கி
பெரும்பகுதி உள்ளூருக்குத்தான் தம்பி. அரசுக் கடன் பத்திரத்தை அதிகமா வச்சிருக்கிறது பேங்க், இன்சூரன்ஸ் கம்பெனி, வருங்கால வைப்பு நிதி. நீ மாசாமாசம் எல்.ஐ.சி. கட்டுறல்ல, அதுல ஒரு பகுதி அங்கதான் இருக்கு. எங்க பேங்க்ல எஃப்.டி. போட்டிருக்கிற ஆச்சிகளோட பணமும் சுத்திச் சுத்தி அங்க போய்த்தான் நிக்கும். கையில மிச்சம் வச்சிருக்கவங்களுக்கு வட்டி வருது. சோப்பு வாங்குறவங்க கட்டுற வரியில இருந்தும் அது போகுது.

ஆத்தங்குடி கல்
அப்ப நான் சிமெண்டுல கட்டுனது ஆச்சிக்கு வட்டியாப் போகுது 🙄

பேரேடு
அதில் ஒரு துளி போகிறது. உன் பாலிசி முதிர்ந்தால் உனக்கும் ஒரு துளி வரும். யாருக்கு எத்தனை துளி என்பதைத்தான் யாராவது சபையில் கேட்க வேண்டும்.

நேமத்தான்
இதுக்குத் தனி இழை போடுங்க அண்ணே. 2003ல கொண்டுவந்த நிதிப் பொறுப்புச் சட்டத்துல ஆரம்பிங்க, பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குக் கொண்டாறேன்னு அதுல எழுதிக் கொடுத்துட்டு ஒவ்வொருத்தரும் எத்தனை தடவை தள்ளிவச்சாங்கன்னு நான் எடுத்துட்டு வர்றேன். ரெண்டு கட்சியையும் சேத்து.

பள்ளத்தூர் பஸ்
போடுங்க. இதுல இங்கிலீஷ் வக்கீல் பேச்சு வேணாம், பத்தி பத்தியா எண்ணைப் போட்டா போதும்.